வண்டி ஓட்டுவோரும் பொச்சாவாமையும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

எங்கள் ஊர் வீராம்பட்டினம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் வரும் மீனவர் ஊர். ஆடி மாதத்தில் எங்கள் செங்கழுநீரம்மன் தேரோட்டத்தைக் காணச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் அதனைச் செய்கிறார்.

வடம் பிடிப்போரை எல்லோரும் காண்பர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நடப்போரைக் காண்பவர் சிலரே. அவர்களுள் என் மாமாவும் ஒருவர். ஒருமுறை அவரிடம், "இந்த வருஷம் அம்மன் அலங்காரம் எப்படி மாமா?" என்று கேட்டேன். "அதைப் பாத்தவங்களக் கேளு மாப்ள. தேர் ஓடும்போது நான் சக்கரத்தத்தான் பாப்பேன். மேல பாத்தா, கீழ ஒருத்தன் காலு போயிடும்" என்றார். தேருடன் நடந்தே நரைத்தவர், ஓடும் தேரில் அம்மனைக் கண்டதில்லை! அன்று சிரித்தேன். அந்தச் சொல்லின் பொருள் பின்னரே விளங்கிற்று.

பொச்சாப்பு என்பது யாது?

திருக்குறளில் 54-ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்றால் மறதி, கவனச் சோர்வு. அளவு கடந்த சினத்தைவிட, பெருமகிழ்ச்சியால் வரும் மறதி கொடியது என்று அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் கூறிவிடுகிறார். அரசனுக்காகச் சொன்ன இந்த அறிவுரை இன்று இருசக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் நமக்கும் பொருந்தும் என்பதை என் பிழை கொண்டே கூறுகிறேன்.

என் பிழை

சென்ற ஆண்டு ஒரு மாலை. கல்லூரி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று கிரிக்கெட் பந்தயம். முருங்கப்பாக்கம் கடந்து, ஆற்றுப் பாலம் கடந்து, அரியாங்குப்பத்தில் திரும்பும் வரை ஒழுங்காகவே வந்தேன். காக்காயந்தோப்புப் பக்கம் வருகையில், வண்டியின் முன்பெட்டியில் வைத்திருந்த கைபேசி ஒளிர்ந்தது. ஒரு விக்கெட் விழுந்த செய்தி. மகிழ்ச்சியில் இன்னும் ஒருமுறை குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது எதிரே தலையில் கூடையுடன் மீன் விற்றுத் திரும்பும் ஆயா ஒருவர். கைப்பிடி கூடையில் உரசிற்று. அவர் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனையில் எப்படி நேர்ந்தது என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் அவரே, "கால் தடுக்கி நானே வுழுந்துட்டேன். இந்தப் புள்ளதான் தூக்கியாந்துச்சு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனமே என் பிழைகளுள் பெரிது என்று இன்று எண்ணுகிறேன்.

இரண்டு நொடிக் கணக்கு

இயற்பியல் மாணவனாகிய நான் அன்றிரவு உறங்காமல் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர். ஒன்றைக் கண்டு, உணர்ந்து, கை தடையை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். தடை பிடித்து நிற்க மேலும் ஒரு 12 மீட்டர். ஆக, கருத்துடன் ஓட்டுபவனுக்கே 23 மீட்டர் வேண்டும். இரண்டு நொடி குனிந்தவனுக்கு இன்னும் 22 மீட்டர் கூடுகிறது. அந்த 22 மீட்டரும் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். வேகம் 60 ஆனால், அதே இரண்டு நொடியில் 33 மீட்டர் கடந்திருப்போம்.

கண், கை, கருத்து

கவனச் சிதறலை அறிஞர் மூவகையாகப் பிரிப்பர். சாலையை விட்டுக் கண் அகல்வது ஒன்று. கைப்பிடியை விட்டுக் கை அகல்வது ஒன்று. ஓட்டும் செயலை விட்டுக் கருத்து அகல்வது ஒன்று. கைபேசியில் செய்தி படிப்போர் மூன்றையும் ஒருங்கே செய்கின்றனர்.

"காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசினால் கண்ணும் கையும் வண்டியில்தானே இருக்கின்றன?" என நண்பர் சிலர் வினவுவர். கருத்து எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் படம் ஒன்றைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து சென்றார். பார்த்தவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை! கண் திறந்திருப்பதும் காண்பதும் வேறு வேறு.

1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கனடாவின் டொராண்டோ நகரில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநரை ஆராய்ந்தபோது, தொலைபேசியில் பேசுகையில் மோதும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியோர் அதிகப் பாதுகாப்புடன் இருந்ததாகவும் தெரியவில்லை. பின்னால் அமர்ந்து பேசுபவர் எதிரே பேருந்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு அந்தப் பேருந்து தெரியாது.

ஏட்டில் ஏறாதவை

2021-இல் இந்தியாவில் கைபேசியால் நேர்ந்தவை எனப் பதிவான விபத்துகள் 1,997. மாண்டோர் 1,040 பேர். மறு ஆண்டு சாலை விபத்துகளில் மாண்டோர் மொத்தம் 1,68,491 பேர். ஒப்பிட்டால் முன்னது சிறு தொகையாகத் தோன்றும். ஆனால் ஆயா கூறிய பொய்யை எண்ணிப் பாருங்கள். என் விபத்து எந்த ஏட்டிலும் ஏறவில்லை. "நான் கைபேசியைப் பார்த்தேன்" என்று தாமாக உரைப்போர் எத்தனை பேர்?

சட்டம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், ஓட்டுகையில் கைபேசியைக் கையாள்வது ஆபத்தான ஓட்டுதல் என 2019-இல் திருத்தம் செய்யப்பட்டது. முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எனினும் காவலர் நிற்காத இடத்தில் நம்மைக் காப்பது நம் பழக்கமே.

நாம் செய்யத்தக்கவை

1. வண்டியைக் கிளப்புமுன் கைபேசியின் ஒலியை அடக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல். ஒலித்த பின் மனத்தை அடக்குவது அரிது.

2. பேசியே தீரவேண்டுமெனில் ஓரமாக நிறுத்திப் பேசுதல்.

3. செல்லும் வழியைப் புறப்படுமுன்னரே பார்த்துக்கொள்ளுதல்.

4. நண்பர் இருவர் இரு வண்டிகளில் இணையாகச் சென்று கதை பேசும் பழக்கத்தை விடுதல். நம் கல்லூரி வாயிலில் நாள்தோறும் காணும் காட்சி இது.

5. வண்டியில் இருப்பவரை அழைத்துவிட்டால், "இறங்கிய பின் பேசு" என்று உடனே வைத்துவிடுதல். அழைப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

முடிவுரை

மூன்று மாதம் ஆயா வியாபாரத்திற்குப் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கூடையைத் தலைக்கு ஏற்ற இன்றும் பிறர் கை வேண்டியிருக்கிறது. விடுமுறை நாட்களில் நான் சென்று ஏற்றிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னபோது, "எம் பேரப் போடாத, ஒன்னுத போட்டுக்க" என்று சிரித்தார்.

ஒரு செயலுக்குத் தடையாய் இருப்பவரை 'முட்டுக்கட்டை' என்று பழிக்கிறோம். ஆனால் முட்டுக்கட்டை இல்லாமல் எங்கள் ஊர்த் தேர் ஒரு வீதியும் திரும்பாது; திரும்பினாலும் உயிர்ச்சேதம் இல்லாமல் நிலை சேராது. இப்பொழுதெல்லாம் வண்டியை எடுக்குமுன் கைபேசியை அணைத்து இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறேன். அது எனக்கு நானே போட்டுக்கொண்ட முட்டுக்கட்டை. நண்பர்களே, நாளைக் காலை நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.