சூட்டில் பிறக்கும் தனி உறுப்புகள்

"சூடு பட்டால் பிணைப்பு அறுந்து தனி உறுப்பு உண்டாகிறது என்கிறீர்களே மாமா, அதை யார் பார்த்தார்கள்?" நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன் கேட்டான்.

மறைமுகமாகப் பார்த்தவர்கள் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும். 1929இல் டெட்ராமெத்தில் ஈயத்தின் ஆவியைக் குழாயில் செலுத்திச் சூடாக்கினார்கள். சூடான இடத்தில் ஈயம் கண்ணாடிபோல் படிந்தது. பிறகு அதற்கு முன்னால் வேறோர் இடத்தைச் சூடாக்க, பழைய படிவு கரைந்து போயிற்று. புதிதாகப் பிறந்த மெத்தில் உறுப்புகள் அதைத் தின்றுவிட்டன!

நேராகக் காட்டும் கருவி 1944இல் கசானில் சவோய்ஸ்கி கண்ட எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு, சுருக்கமாக ஈ.எஸ்.ஆர். இணையில்லாத எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். ஏறத்தாழ 3400 காஸ் காந்தப்புலத்தில் அது 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை உறிஞ்சும். இணைசேர்ந்த எலக்ட்ரான்களின் காந்தம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அவை வாய் திறப்பதில்லை. பக்கத்திலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் கோட்டைப் பிளக்கும். மெத்திலின் மூன்று ஹைட்ரஜன்கள் தருவது நான்கு கோடுகள், உயரம் 1:3:3:1. கோடுகளை எண்ணினால் ஆளை அடையாளம் காணலாம்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, நானே தயாரித்த வெள்ளைப் பொடியைக் குவார்ட்ஸ் குழாயில் சூடாக்கினேன். (சாதாரணக் கண்ணாடி உதவாது, அதிலுள்ள இரும்பே கோடு போட்டுவிடும்.) பொடி பழுப்பானது. பேனா தாளில் ஒரே ஒரு கோட்டை அழகாக வரைந்தது. அன்றிரவே கட்டுரைக்குத் தலைப்பும் எழுதிவிட்டேன்.

என் வழிகாட்டி தாளைப் பார்த்தார். "உன் மூலக்கூறில்தான் இவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறதே, பிளவு எங்கேப்பா? குழாயை ஆறவைத்து நாளைக்குப் பார்" என்றார். மறுநாளும் கோடு அதே உயரத்தில் நின்றது. நான் தேடிய உறுப்பு நொடியில் மறைய வேண்டியது. என்னிடம் இருந்தது கருகிய பொருள்! கரியிலும் இணையில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. அவை நாட்கணக்கில் இருக்கும்.

பிறகு பொடியைப் பென்சீனில் கரைத்து, ஃபினைல் டெர்ட்-பியூட்டைல் நைட்ரோன் என்ற 'பொறி'யைச் சேர்த்து, கருகாத அளவுக்கு மட்டும் சூடாக்கினேன். குறைந்த ஆயுள் கொண்ட உறுப்பு அதில் மாட்டினால் நீண்ட ஆயுள் பெறும். பொறியின் நைட்ரஜன் கோட்டை மூன்றாகவும், அதன் ஹைட்ரஜன் ஒவ்வொன்றையும் இரண்டாகவும் பிளக்கும். பொறி மட்டும் இருந்த குழாயில் ஒன்றும் வரவில்லை. பொடி சேர்ந்ததில் ஆறு கோடுகள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பையனிடம் கொடுத்தேன். விரலை வைத்து எண்ணிப் பார்த்தான்.