சித்திராபாசமும் திருமேனியும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, பொருநையின் கழிமுகத்தருகில், முத்துக்குளிப்பிற்குப் பேர்பெற்ற கரையில், பழையகாயல் என்னும் ஊர் உளது. அரபுநாட்டுக் குதிரைகள் மரக்கலங்களில் வந்திறங்கிய பட்டினமாகக் காயலை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்ட மார்க்கபோலோ குறித்துள்ளார். அவ்வாற்றின் வழியே மேற்கு நோக்கிச் செல்லின் திருப்புடைமருதூரை அடைவோம். அங்கு நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்து உட்சுவர்களில் எழுதப்பெற்ற ஓவியங்களுள், குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலமொன்றும் உண்டு.

அதனைக் காணுஞ் சைவர்க்கு வாதவூரடிகள் வரலாறு நினைவுக்கு வாராதொழியாது. பாண்டியனுக்குப் பரி கொணர்ந்த சேவகன் சிவபெருமானே யன்றோ? ஈண்டு ஓர் ஐயம் எழும். மகேசுர மூர்த்தங்கள் 25-னுள் குதிரைச்சேவகன் எண்ணப்பட்டிலன். அவ்வடிவைச் சுவரில் எழுதினால் அது கதைக்குறிப்போ, திருமேனியோ? திருமேனியே என்பேம். இறைவன் கொள்ளும் வடிவம் வினையான் வந்ததன்று, மாயையின் ஆயதுமன்று, அருளே வடிவாயது என்பது சித்தியார் துணிபு. அவ்வருளுக்குத் தொகை வரையறுப்பார் யார்?

இனி, எழுதிய வடிவம் தாழ்ந்தது என்பாரும் உளர். சிற்பநூல்கள் முழுவடிவைச் சித்திரம் என்றும், புடைப்புருவை அர்த்தசித்திரம் என்றும், வண்ணத்தால் எழுதியதைச் சித்திராபாசம் என்றும் வகுத்தன. ஆபாசம் என்பதற்கு ஈண்டுத் தோற்றம் என்பதே பொருள். இக்கால வழக்கின் இழிபொருள் அன்று. குற்றாலத்துச் சித்திரசபையிற் கூத்தப்பிரான் சுவரில் எழுதிய வடிவினனாகவே வழிபடப்பெறுதலை அன்பர்கள் அறிவர்.

ஆதலின், குடமுழுக்கு அணுகுங்கால் பழைய ஓவியங்களின்மேற் சுண்ணம் பூசுதல் திருமேனியை மறைத்தலேயாம். செப்புத்திருமேனி பின்னமுறின் ஆகமம் வல்லாரை வினவுகின்றோம். ஓவியம் மங்கினாற் கொத்தரை மட்டுமே வினவுகின்றோம். ஓவியங்காக்கும் முறையறிந்தாரையும் உடன்வைத்து ஆராய்ந்த பின்னரே திருப்பணி தொடங்குமாறு ஆதீனத் தலைவர்களை வேண்டுகின்றோம்.