பீட்ரூட்: பெயரும் பயன்பாடும் – பல்லடம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயலகப் பயிருக்கு வழங்கும் பெயர், அதன் பயன்பாடு பற்றிய புரிதலை எவ்வாறு வரையறுக்கிறது என்பதைப் பல்லடம் வட்டாரத்தில் விளையும் பீட்ரூட்டைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பீட்ரூட், பாலக், சினையாகுபெயர், கொங்கு வழக்கு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கொங்கு வழக்கில் கிணற்றுப் பாசன நிலம் தோட்டம் எனவும், மழையை நம்பிய நிலம் காடு எனவும் வழங்கும். திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பகுதிகளில் கிணற்று நீரையும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன நீரையும் கொண்டு பயிரிடப்படும் பீட்ரூட், இவ்வழக்கின்படி தோட்டப் பயிராகும். இதன் வேர் பொரியலாகவும் பச்சடியாகவும் சாறாகவும் அல்வாவாகவும் உண்ணப்படுகிறது. உண்ணத்தக்க கீரையாகிய இலையோ பெரும்பாலும் சமையலறையை எட்டுவதில்லை. இந்நிலைக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது.

பெயரமைப்பு

'பீட்ரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் நிற்பது வேரைக் குறிக்கும் சொல். எனவே 'தோட்டத்தில் பீட்ரூட் போட்டிருக்கிறார்கள்' என்னுமிடத்துச் சினையின் பெயர் முதலுக்கு ஆகி வருகிறது. 'வெற்றிலை நட்டான்' என்னும் மரபுவழி எடுத்துக்காட்டை ஒத்த சினையாகுபெயர் இது.

முருங்கை, முள்ளங்கி ஆகியன முதற்பெயராக நிற்க, அவற்றின்மேல் முருங்கைக்காய், முருங்கைக்கீரை, முள்ளங்கிக்கீரை எனச் சினைப்பெயர்கள் கிளைக்கின்றன. பீட்ரூட்டுக்கு அத்தகைய முதற்பெயர் இல்லை. 'பீட்ரூட் கீரை' என்பது பொருள்நோக்கில் 'வேர்க்கீரை' என முரண்பட்டு நிற்கிறது.

எழுத்து வழக்கிலுள்ள செங்கிழங்கு நிறத்தையும், அக்காரக்கிழங்கு இனிப்பையும் சுட்டுகின்றன. 1747இல் செருமானிய வேதியியலாளர் மார்க்கிராஃப் பீட் வேரிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்தமையை நோக்க, அக்காரம் என்னும் அடை பொருத்தமுடையதே. எனினும் இரண்டும் கிழங்கென முடிவதால் முற்கூறிய குறை நீங்கவில்லை.

ஓர் இனம், இரு பெயர்

1753இல் லின்னேயசு இவ்வினத்திற்குப் 'பீட்டா வல்காரிசு' எனப் பெயரிட்டார். பண்டை ஐரோப்பாவில் இது முதன்மையாக இலைக்காகவே வளர்க்கப்பட்டது. பருத்த வேருடைய வகைகள் பிற்காலத்தன. இந்தியாவில் பாலக் எனப் பயிரிடப்படும் கீரையையும் வேளாண் நூல்கள் இதே இனத்தின் ஒரு வகையாகக் குறிக்கின்றன. ஆக, ஒரே இனத்தின் இலைவகை இந்திப் பெயராலும், வேர்வகை ஆங்கிலப் பெயராலும் தமிழகச் சந்தையில் தனித்தனியே வழங்குகின்றன. பாலக்கை விலை கொடுத்து வாங்கும் இல்லத்தில் அதன் உறவாகிய பீட்ரூட் இலை கழிவாகக் கருதப்படுதற்கு, உறவை உணர்த்தும் பொதுப்பெயர் இன்மையும் ஒரு காரணமாகலாம். சந்தைக்கு வருமுன்னர் இலை நீக்கப்படுவதும் உடன் எண்ணத்தக்கது.

முடிவுரை

பீட்ரூட் என்பது தமிழில் சினையாகுபெயராக இயங்குகிறது. தமிழாக்கங்களும் சினையையே பற்றி நிற்கின்றன. வல்லின மெய்யீறு தமிழ் மரபன்று ஆதலின், உகரம் பெற்ற 'பீட்டு' என்பதை முதற்பெயராகக் கொண்டு பீட்டுக்கிழங்கு, பீட்டுக்கீரை என வழங்கலாம். அயற்பயிர்ப் பெயராக்கத்தில் செடிக்கு முதலிலும் உறுப்புக்குப் பின்னரும் பெயரிடுதல், மொழிமரபைக் காப்பதோடு உணவாகும் உறுப்பு மறக்கப்படாமலும் காக்கும்.