பாறையின் குரல்

கோட்டாற்றுக் கடைத்தெருவில் மட்பாண்டம் கொள்வோர் அதனைத் தட்டிப் பார்த்தே வாங்குவர். கண்ணுக்குப் புலனாகாத கீறலையும் செவி உணர்த்திவிடும். மாணவர்களே, சுரங்கப் பாறையின் நிலையை அறியும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

கருநாடகத்துக் கோலார்த் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்தனர். அங்குள்ள சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் மேற்பாறையின் பாரம் அளவிறந்தது. பொன் கலந்த கல்லை வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் மிகுந்து, பாறை திடீரெனச் சிதறும். வெடிமருந்து வைத்துத் தகர்ப்பது வேறு. இது தானே வெடிப்பது. இதனால் மாண்டோர் பலர்.

பாறைக்குள் நுண்பிளவு தோன்றுந்தோறும் சிற்றதிர்வு எழும். மனிதச் செவிக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆதலின் 1970-களின் பிற்பகுதியில் அங்கே பல இடங்களில் அதிர்வுணர் கருவிகளை நிறுவினர். அருகிலுள்ள கருவியை அதிர்வு முன்னரும், தொலைவிலுள்ளதைப் பின்னரும் அடையும். அக்கால வேறுபாட்டைக் கணக்கிட்டு, நிலத்தின் மேலிருந்தவாறே அதிர்வு பிறந்த இடத்தை அறிந்தனர். அதிர்வு மலிந்த பகுதி ஆபத்தானது என்பது விளங்கும். ஆனால் பாறை எந்த நாழிகையில் வெடிக்கும் என்று எக்கருவியும் உறுதியாகக் கூறியதில்லை. இதனை மறைத்தல் தகாது.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வெற்றிடங்களில் நீர் நிறைந்தது. ஆளற்ற அவ்வாழத்தில் எழுந்த அதிர்வுகளையும் கருவிகள் பதிவு செய்தன.