ரயில் ஓடும் கட்டக் காகிதம்

சிரஞ்சீவி மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு சமன்பாட்டில் ஒரே ஒரு எக்ஸ் இருந்தவரையில் அதைத் துரத்திப் பிடிப்பதில் உனக்கு ஓர் உற்சாகம் இருந்ததென்றும், இப்போதோ 2எக்ஸ் + 3ஒய் = 12 என்று தெரியாத எண்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடையைக் கேட்காமல் வரைபடத்தைக் கேட்கிறார்களே, விடையே இல்லாத கணக்குக்குப் படம் என்ன கேடு என்றும் எழுதியிருக்கிறாய். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு விடை இல்லை என்று நீ நினைப்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும்; விடைகள் அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான் அதன் சங்கடம்.

பென்சில் இரண்டு ரூபாயும் பேனா மூன்று ரூபாயுமாக விற்கும் கடைக்குப் பன்னிரண்டு ரூபாயோடு போகிறாய் என்று வைத்துக்கொள். பணம் முழுவதையும் செலவு செய்தே தீருவது என்றால், ஆறு பென்சில் மட்டும் வாங்கலாம். மூன்று பென்சிலும் இரண்டு பேனாவும் வாங்கலாம். பென்சிலே வேண்டாமென்று நான்கு பேனா வாங்கலாம். வேறு வழி கிடையாது, ஏனென்றால் எந்தக் கடைக்காரரும் அரைப் பேனா தரமாட்டார். இப்படி முழு எண்களாக மட்டுமே விடை வேண்டும் என்னும் பிரச்னையை நமது நாட்டுக் கணித சாஸ்திரிகள் வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 499ஆம் ஆண்டில் ஆரியபடர் இயற்றிய ‘ஆரியபடீயம்’ என்ற நூலிலேயே அதற்கு ஓர் உபாயம் சொல்லப்பட்டிருக்கிறது; பின்னால் வந்தவர்கள் அதைக் ‘குட்டகம்’ என்று அழைத்தார்கள்.

கடையை மறந்துவிட்டு வெறும் சமன்பாட்டை மட்டும் பார்த்தாயானால் இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறது. எக்ஸ் ஒன்றரை என்றால் ஒய் மூன்று. எக்ஸ் மைனஸ் மூன்று என்றால் ஒய் ஆறு. எக்ஸுக்கு நீ எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு ஜதையாக ஓர் ஒய் வந்து நிற்கும். ஆகவே இந்தச் சமன்பாட்டின் விடை ஓர் எண் அன்று, எண் ஜதைகளின் அநந்தமான கூட்டம். அந்தக் கூட்டத்தை எழுதி முடிக்க ஆயுள் போதாது. ஆயினும், ஒவ்வொரு ஜதையையும் காகிதத்தில் ஒரு புள்ளியாக நிறுத்திவிட்டால் கூட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம் என்ற யோசனை பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த இருவருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதித்தது. ஒருவர் டேக்கார்ட்; அவருடைய ‘ஜியோமெட்ரி’ 1637இல் அச்சாயிற்று. மற்றவர் ஃபெர்மா, அவர் எழுதிய பிரதி நண்பர்களிடையே கைமாறிக்கொண்டிருந்து, 1665இல் அவர் காலமாகிப் பதினான்கு வருஷங்கள் கழித்தே புத்தகமாக வெளிவந்தது. புகழ் பெரும்பாலும் டேக்கார்ட்டைச் சேர்ந்துவிட்டது. ஆனால் வர்க்கம் முதலியவையும் எக்ஸ்-ஒய் பெருக்கமும் கலவாத இருமாறிச் சமன்பாடு நேர்கோட்டையே தரும் என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஃபெர்மாதான் என்பதால், உன் பாடத்தைப் பொறுத்தவரையில் நான் அவர் கட்சி.

ஏன் நேர்கோடு? உன் புத்தகம் இதைச் சொல்லாமலே தாண்டிப் போகிறது போலும். நமது சமன்பாட்டில் எக்ஸ் மூன்று கூடினால், கூட்டுத்தொகை பன்னிரண்டாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, ஒய் இரண்டு குறைந்தே ஆக வேண்டும். எக்ஸ் பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குப் போனாலும் சரி, ஆயிரத்திலிருந்து ஆயிரத்து மூன்றுக்குப் போனாலும் சரி, இறக்கம் அதே இரண்டுதான். ஒரே அகலமும் ஒரே உயரமும் உள்ள மாடிப்படிகளின் விளிம்புகள்மீது ஒரு நீண்ட கழியைச் சாய்த்து வைத்தால் அது எல்லா விளிம்புகளையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் அல்லவா? நமது புள்ளிகள் அந்த விளிம்புகள். கோடு அந்தக் கழி. எக்ஸின் வர்க்கம் சமன்பாட்டில் புகுந்துவிட்டால் படிக்குப் படி உயரம் மாறும், கழி படியாது, கோடு வளைந்துவிடும். படியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் ‘சாய்வு’ என்கிறார்கள்.

வரையும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோட்டை நிர்ணயிக்க இரண்டு புள்ளிகள் போதும் என்றாலும், மூன்றாவது புள்ளி ஒன்றையும் குறித்துவிடு. எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோடு இணைத்துவிடுமாகையால், கணக்கில் தவறு நேர்ந்திருந்தால் அதைக் காட்டிக் கொடுக்கக்கூடிய சாக்ஷி மூன்றாவதுதான். எக்ஸைப் பூஜ்யமாக்கி ஒன்று, ஒய்யைப் பூஜ்யமாக்கி ஒன்று, இடையே எங்காவது ஒன்று என்று எடுத்துக்கொள்வது சௌகரியம். அளவுத்திட்டத்தை முதலில் யோசித்து ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு பென்சிலைத் தொடு. முனையை நன்றாகச் சீவிக்கொள். மிளகு பருமனுக்குப் புள்ளி வைத்தால் அதன் ஊடாக எத்தனையோ கோடுகள் போகும்.

இதன் பிரயோஜனத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் ரயில்வே இலாகாவுக்குப் போக வேண்டும். 1878இல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வெளியிட்ட ‘வரைபட முறை’ என்ற நூலில், இப்ரி என்பவருடைய முறைப்படி வரைந்த பாரிஸ்-லியோன் ரயில் அட்டவணை ஒன்று இருக்கிறது. மணி நேரங்கள் குறுக்கே ஓடுகின்றன. ஊர்களின் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, அவற்றுக்கு இடையேயுள்ள தூரத்துக்குத் தக்க இடைவெளியுடன் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. நமது ரயில்வேயிலும் செக்ஷன் கண்ட்ரோலர் என்ற உத்தியோகஸ்தர், காதில் டெலிபோனை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர்கள் சொல்லச் சொல்ல, பல நிறப் பென்சில்களால் இத்தகைய கோடுகளை வரைந்தே வண்டிகளை நடத்திவந்தார். பிறகு அந்தக் காகிதத்தின் இடத்தில் கம்ப்யூட்டர் திரை வந்திருக்கிறதே ஒழிய கோடுகள் மாறவில்லை.

நீயே ஒரு கண்ட்ரோலர் ஆகிப் பார். அ, ஆ என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 120 கிலோமீட்டர் தூரம், ஒற்றைப் பாதை, இருபது கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். காலை 6 மணிக்கு அ என்ற ஊரிலிருந்து ஒரு பாசஞ்சர் 40 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 7 மணிக்கு ஆ என்ற ஊரிலிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. ஆறு மணிக்குப் பிறகு கழிந்த மணிகளை ‘நே’ என்றும், அ என்ற ஊரிலிருந்து உள்ள தூரத்தைத் ‘தூ’ என்றும் வைத்துக்கொண்டால், பாசஞ்சரின் சமன்பாடு தூ = 40நே; எக்ஸ்பிரஸின் சமன்பாடு தூ = 180 − 60நே. இரண்டாவதில் 180 எப்படி வந்தது என்று திகைக்காதே. ஏழு மணிக்கு, அதாவது நே ஒன்றாக இருக்கும்போது, அந்த வண்டி 120ஆவது கிலோமீட்டரில் நிற்கிறதா என்று போட்டுப் பார், விளங்கிவிடும்.

குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து நிமிஷம், மேலே ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு இரண்டு கோடுகளையும் வரை. ஒன்று ஏறும், மற்றொன்று அதைவிடச் செங்குத்தாக இறங்கும். ஏற்ற இறக்கம் திசையைச் சொல்கிறது, செங்குத்து வேகத்தைச் சொல்கிறது. இரண்டும் குறுக்கே 10.8 சென்டிமீட்டரிலும் மேலே 7.2 சென்டிமீட்டரிலும் வெட்டிக்கொள்ளும். அதாவது 7 மணி 48 நிமிஷத்துக்கு, 72ஆவது கிலோமீட்டரில். முதற்கோட்டிலுள்ள புள்ளிகள் எல்லாம் பாசஞ்சருக்கு மட்டும் உண்மை, இரண்டாவதில் உள்ளவை எக்ஸ்பிரஸுக்கு மட்டும் உண்மை. இரண்டுக்கும் ஒருங்கே உண்மையாகக்கூடிய ஜதை அந்த ஒன்றுதான். 40நே = 180 − 60நே என்று எழுதிப் பார்த்தாலும் நே 1.8 என்றே வரும். அநந்தமாக இருந்த விடைகள் இரண்டாவது சமன்பாடு வந்து சேர்ந்ததும் ஒன்றாகச் சுருங்கிவிட்ட விதம் இதுவே.

பள்ளிக்கூடத்துக் கணக்கு இந்த இடத்தில் முடிந்துவிடும்; கண்ட்ரோலரின் கணக்கோ இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் 72ஆவது கிலோமீட்டரில் ஸ்டேஷன் இல்லை. வெறும் வயல்வெளியில், ஒற்றைத் தண்டவாளத்தின்மீது, இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் சந்திக்கும் என்று படம் அபாய அறிவிப்புச் செய்கிறது. ஆதலால் அந்த வெட்டும் புள்ளியை எப்பாடு பட்டாவது ஒரு ஸ்டேஷனுக்கு நகர்த்தியாக வேண்டும். எக்ஸ்பிரஸை 80ஆவது கிலோமீட்டர் ஸ்டேஷனில் 7.40 முதல் 8 மணி வரை நிறுத்தலாம். அல்லது பாசஞ்சரை 60ஆவது கிலோமீட்டரில் 7.30 முதல் 8 மணி வரை லூப் லைன் என்ற பக்கப் பாதையில் போட்டு வைக்கலாம். முதல் வழியில் இருபது நிமிஷம், இரண்டாவதில் முப்பது நிமிஷம் விரயம். கணிதம் முதல் வழியைச் சிலாக்கியம் என்கிறது. உலக வழக்கம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை, ‘கிராஸிங், கிராஸிங்’ என்று அலுத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்.

பாசஞ்சரையே நிறுத்துவோம். அது நிற்கும் அரைமணி நேரமும் படத்தில் படுக்கைக்கோடாகும்: நேரம் நகர்கிறது, தூரம் நகரவில்லை, சாய்வு பூஜ்யம். எட்டு மணிக்குப் புறப்பட்டதும் கோடு மறுபடி ஏறத் தொடங்கும்; ஆனால் இப்போது அதன் சமன்பாடு தூ = 40நே − 20. தாமதமில்லாமல் போயிருந்தால் உண்டாகியிருக்கும் பழைய கோட்டையும் புள்ளியிட்டு நீட்டிப் பார். வேகம் மாறாததால் சாய்வு மாறவில்லை. ஆகவே இரண்டும் இணைகோடுகள். 40நே − தூ என்பது ஒரே சமயத்தில் பூஜ்யமாகவும் இருபதாகவும் இருக்க முடியாதாகையால், இந்த ஜோடிக்குப் பொது விடை கிடையாது. அரைமணி தாமதம் ஊர் போய்ச் சேரும்வரை அரைமணி தாமதமாகவே இருக்கும் என்பதுதான் அதன் லௌகிகமான அர்த்தம். அதை ஈடுகட்ட வேண்டுமானால் டிரைவர் சாய்வைக் கூட்ட வேண்டும்.

செங்குத்துக் கோடு மட்டும் இந்தப் படத்தில் ஒருகாலும் வராது. அப்படி வந்தால் ஒரே க்ஷணத்தில் ஒரு வண்டி எல்லா ஸ்டேஷன்களிலும் இருந்தது என்று பொருளாகும். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று உன் புத்தகம் சொல்வதை மனப்பாடம் செய்யாமல் இவ்விதம் நினைத்துப் பார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எந்த வண்டியும் நின்ற இடத்திலிருந்து எடுத்த எடுப்பில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதில்லை, ஸ்டேஷனை அடையும்போதும் திடுமென்று நிற்பதில்லை. உள்ளபடி வரைந்தால் திருப்பங்களில் கோடு சற்று வளையும். அந்த வளைவு இவ்வளவு பெரிய படத்தில் கண்ணுக்குத் தெரியாதென்று தள்ளிவிட்டு நேர்கோடாகவே வைத்துக்கொள்கிறோம்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இதே காகிதத்தில், காலை 5 மணிக்கு அ என்ற ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்ட ஒரு கூட்ஸ் வண்டியையும் வரை. அதன் சமன்பாட்டை நீயே எழுதிக்கொள். ஐந்து மணிக்கு நே மைனஸ் ஒன்று என்பதை மறந்துவிடாதே, கோடு அங்கே ஆதிப்புள்ளிக்கு இடப்புறத்திலிருந்து கிளம்பும். பாசஞ்சர் அதை எங்கே எட்டிப் பிடிக்கிறது, எக்ஸ்பிரஸ் அதை எங்கே எதிர்கொள்கிறது என்று பார். 8 மணிக்கு 60ஆவது கிலோமீட்டரில் ஒரு சிக்கல் முளைக்கும். அந்த ஸ்டேஷனில் மெயின் லைன் ஒன்று, லூப் லைன் ஒன்று, ஆக இரண்டே பாதைகள் என்று வைத்துக்கொண்டு, கூட்ஸ் வண்டியை எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிறுத்துவாய் என்பதைப் படத்துடன் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
மாமா