எடையும் உடலுறுதியும்: வளரிளம் பருவத்தினர்க்கு ஒரு சிந்தனை

முன்னுரை

உடல், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உண்பதிலும் பருகுவதிலும் விரயம் கூடாதென்பது திருமறையின் கட்டளை. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' அதிகாரத்தின் 10 குறள்களுள் 6 குறள்களில் உண்ணும் முறையையே உரைக்கின்றார். இக்கருத்துகளை இற்றை அறிவியல் நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

எடை மட்டும் போதுமா?

கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். அவ்வெடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை அது கூறாது. 2004ஆம் ஆண்டில் புனே நகர மருத்துவர் யாஜ்னிக் அவர்களும் இலண்டன் பேராசிரியர் யுட்கின் அவர்களும் தம் உடல்களையே சான்றாக்கி 'லான்செட்' இதழில் எழுதினர். இருவர்க்கும் குறியெண் 22.3. ஆயின், உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றத்துள்ளும் கொழுப்பு மறைந்திருக்கும் என்பதும், இந்தியர்க்கு இஃது இயல்பாக நேர்வது என்பதும் இதனால் புலனாகும். பிற்காலத்தில் நீரிழிவு நோய்க்கு இதுவும் வித்தாகின்றது.

வளரிளம் பருவம்

10 முதல் 19 வயது வரையுள்ள இப்பருவத்தில் ஆண்மக்களுக்குத் தசை பெருகுகின்றது. பெண்மக்களுக்குக் கொழுப்பு சற்றே கூடுகின்றது. இஃது இயற்கை. இதற்கு அஞ்சிப் பட்டினி கிடக்கும் மாணவியர் இழப்பது கொழுப்பை மட்டுமன்று. தசையையும் குருதி வளத்தையும் சேர்த்தே இழக்கின்றனர். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர்க்கும் ஆண்களில் 31.1 விழுக்காட்டினர்க்கும் இரத்தசோகை உள்ளது. இரத்தசோகை உற்ற உடல் விரைவில் களைக்கும். களைத்த உடல் விளையாட்டை நாடாது. உழைப்பற்ற தசை வளராது.

நம் வட்டாரம்

திருமுருகன்பூண்டி சிற்பிகள் உளியும் சுத்தியலும் ஏந்திக் கல்லோடு போராடி உரம் பெற்றவர்கள். அதே மண்ணின் இளைஞர் பலர் இன்று பனியன் கம்பெனியில் பவர் டேபிள் முன் அமர்ந்து ஒன்றரை ஷிப்ட் உழைக்கின்றனர். கண்ணும் கையும் ஓய்வதில்லை. உடலின் பெருந்தசைகளோ அசைவதில்லை. காலை உணவைத் தவிர்த்து, பேக்கரித் தேநீரும் பன்னும், இரவில் புரோட்டாவும் உண்டால் மாவும் எண்ணெயும் மிகும், புரதம் குறையும். உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதையும் தடுக்கும். கொங்கு நாட்டின் கம்பும் இராகியும் கொள்ளும் நிலக்கடலையும் நம் அடுக்களையிலேயே இருக்க, அவற்றை மறத்தல் தகுமோ?

செய்யத்தக்கன

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் பசி போக்கின. பள்ளியைக் கடந்த பின் அப்பொறுப்பு நம்மையே சாரும். முட்டை, பருப்பு, கீரை, நெல்லிக்காய் ஆகியன நாள்தோறும் தட்டில் இடம்பெறல் நன்று. நோன்பு திறக்கையில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த நோன்புக் கஞ்சி சிறந்ததே. அதனுடன் பொரித்தவற்றைக் குவித்தலே தவறு. 17 வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு தேவை என உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகின்றது. ஓட்டம், கபடி, மிதிவண்டி எதுவாயினும் நன்றே. பெண்மக்களுக்கும் விளையாட இடமும் நேரமும் ஒதுக்குதல் பெற்றோர், ஆசிரியர், ஜமாஅத் பெரியோர் அனைவரின் கடமையாகும்.

முடிவுரை

எடைக்கருவி காட்டும் எண் உடல்நலத்தின் ஒரு பகுதியே. படியேறும்போது மூச்சு இரைக்கிறதா, நாள் முழுதும் ஊக்கம் நிற்கிறதா என்பனவும் உடலின் சான்றுகளே. உணவால் உடலை வளர்த்து, உழைப்பால் அதனை உறுதியாக்கினால், வளரிளம் பருவம் வாழ்நாள் முழுமைக்குமான முதலீடாகும்.