அம்மாவுக்கு மாசாமாசம் பணம் போடுறியா தங்கச்சி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளம் ஏறினதும், ஈ.எம்.ஐ., வீட்டுச்செலவு போக மிஞ்சினதில் பூந்தமல்லியில் இருக்கிற அம்மாவுக்குப் பத்தாயிரம் போடுறே. ரொம்ப நல்ல விஷயம். அதுக்கு வரி உண்டான்னு பயப்படாதே. உனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அன்பளிப்பு வரியை 1998 அக்டோபரிலேயே எடுத்துட்டாங்க. ஆனா கொடுத்த தொகையை உன் வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

யாருக்குக் கொடுக்கிறோம்கிறதுதான் முக்கியம். அப்பா அம்மா, பிள்ளைகள், கூடப்பிறந்தவங்க, கணவன் மனைவி, மாமியார் மாமனார் கொடுத்தா எவ்வளவு வாங்கினாலும் வரி இல்லை. பெரியப்பா பையன் நமக்கு அண்ணன்தான், சட்டத்துக்கு இல்லை. சித்தப்பா உனக்குக் கொடுத்தா வரி கிடையாது. நீ சித்தப்பாவுக்குக் கொடுத்தா அவர் கணக்கில் சேரும். இப்படிப் பட்டியலில் இல்லாதவங்க கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும் வரி. கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்ற மொய்க்கு விலக்கு உண்டு. காதுகுத்து, கிரகப்பிரவேசத்துக்குக் கிடையாது.

நிறையப் பேர் கோட்டை விடுறது வட்டியில்தான். உன் வீட்டுக்காரர் உனக்குக் கொடுக்கிற பணம் மளிகைக்கும் பாலுக்கும் போனா பிரச்சினையே இல்லை. அதை உன் பேரில் ஆர்.டி. போட்டா, வட்டி அவர் வருமானத்தில் சேரும். மாமனார் மருமகளுக்குக் கொடுத்தாலும் இதே கதை. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை பேரில் போட்டா, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குக்கு வரும். அம்மா பேரில் போட்டா வட்டி அம்மாவுக்கே. அவங்களுக்கு வேற வருமானம் குறைவுன்னா வரியே வராமப் போகலாம். ஆனா எஃப்.டி.யில் முதல் பேர் அம்மாவோடதா இருக்கணும், அவங்க பான் எண்தான் கொடுக்கணும். உன் பேரை இரண்டாவதா போட்டுக்கோ.

பணத்தை ஜிபேயிலோ வங்கி வழியாவோ அனுப்பு, குறிப்பில் "அம்மாவுக்கு அன்பளிப்பு"ன்னு போடு. பெரிய தொகைன்னா வெள்ளைத்தாளில் தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைங்க. ஒரே நாளில் ஒருத்தர்கிட்ட இருந்து ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது, பெத்த பொண்ணு கொடுத்தாலும். வாங்கினவங்களுக்கு அதே அளவு அபராதம் வரும்.